வெள்ளிக்கிழமையும் பெரிய தேக்சாவும்

இராயபுரம்
5 ஏப்ரல் 2025, சனி

அன்புள்ள ஜன்னத் அம்மா அவர்களுக்கு,

நேற்று தொலைபேசியில் நீங்கள் சொன்னதற்கெல்லாம் "சரி, சரி" என்றேன். வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்று யோசித்தேன். எதிரில் ஒரு குரல் இருந்தால் எனக்கு மூளை ஓடாது, காகிதம் இருந்தால்தான் ஓடும். ஆகவே சர்வர் சம்பந்தமாக இனிக் கடிதத்தில் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்கிறேன். ஜுபைர் பாய் பாத்திர வண்டியோடு தினமும் எங்கள் தெரு வழியாகத்தான் போகிறார். கீழே ஹாரன் அடித்தால் போதும், காய்காரருக்கு இறக்கும் கூடையை அவருக்கும் இறக்குகிறேன். மூட்டு மாற்றிய பிறகு நான் இந்த மூன்றாம் மாடியை விட்டு இறங்கவில்லை. இறங்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் ஷைனியும் தினம் சொல்கிறாள். எனக்குத்தான் படிக்கட்டைப் பார்த்தால் துணிவு வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுவதற்கு மன்னிக்கவும், வரிசையாக எழுதினால்தான் எனக்குப் பிடிபடும். ஐந்து வாடகைக் கடைகளின் பாத்திரம், நாற்காலி, பந்தல் சாமான் எல்லாவற்றின் இருப்பும் உங்கள் கடைப் பின்னறையில் உள்ள ஒரே சர்வரில் இருக்கிறது. எந்தக் கடையில் யார் கேட்டாலும் ஐந்து கடைச் சரக்கும் திரையில் தெரியும். பதிவு செய்யலாம். இந்தப் புரோகிராமை நான் எழுதிக் கொடுத்ததிலிருந்து இது பெரிதாகத் தொல்லை தந்ததில்லை. இப்போது இரண்டு மாதமாக, வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் எல்லாக் கடைத் திரையும் உறைந்து நிற்கிறது. நீங்கள் அணைத்துப் போட்டால் சரியாகிறது.

எனக்கு மூன்று சந்தேகம் உண்டு. டிஸ்க் நிறைந்திருக்கலாம். கேபிளை எலி கடித்திருக்கலாம். அல்லது என் புரோகிராமே தவறாக இருக்கலாம். மூன்றாவதுதான் சரியாக இருக்கும் என்று மனம் சொல்கிறது. ஆனாலும் முதலிரண்டையும் பார்த்துவிடுவது முறை. தனித்தாளில் ஆங்கிலத்தில் கட்டளைகள் எழுதியிருக்கிறேன். அப்படியே தட்டி, திரையில் வருவதை எழுதி அனுப்பவும். எதையும் அழிக்க வேண்டாம்.

பணிவுடன்,
அருள்பிரகாசம்


தண்டையார்பேட்டை
7 ஏப்ரல் 2025

அருள் சாருக்கு,

சலாம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. தப்பிருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குச் சொல்ல வேண்டாம்.

நீங்கள் சொன்னபடி தட்டினேன். டிஸ்க் முக்கால்வாசி நிறைந்திருக்கிறது, கால்வாசி காலி. கேபிளை எலி கடிக்கவில்லை. பின்னறையில் எலி இருந்தது உண்மை, ஆனால் அது சமையல்காரர் வைத்துவிட்டுப் போன பட்டையைத்தான் கடித்திருக்கிறது. எலிக்கே தெரிகிறது எது உருப்படி என்று.

ஜுபைர் மச்சானிடம் கடிதத்தைக் கொடுத்தபோது கேட்டார்: "போன் கீது, வாட்சப் கீது. இன்னாத்துக்கு லாத்தா இந்தக் கூடை சமாச்சாரம்? லவ் லெட்டர் கணக்கா தூக்கினு போறேன்." நான் சொன்னேன், சாருக்கு மூளை காகிதத்தில்தான் ஓடுமாம் என்று. "அப்ப எனக்கு ஸ்டியரிங்கில ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போனார். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நெடுஞ்சாலையை அடைத்து நின்றால் அவர் வரத் தாமதமாகும். கூடையைப் பிடித்துக்கொண்டு பால்கனியில் நிற்காதீர்கள்.

இப்போது என் கவலை. நம் ஐந்து கடைக் கூட்டின் செயலாளர் சௌக்கத் பாய் கடைக்கே வந்துவிட்டார். "இன்னா ஜன்னத்து, வாடிக்கைக்காரன் எதிர்ல குந்திக்கினு கீறான், திரை சுத்திக்கினே கீது. சீசன் நேரம். இப்படியே போச்சின்னா அவுங்கவுங்க சாமானை அவுங்கவுங்க பாத்துக்கலாம். பேஜாரு எதுக்கு" என்றார்.

அவருக்கு அது சுலபம் சார். முப்பது கிலோ பிரியாணி வேகும் பெரிய தேக்சா நம் ஐந்து கடைக்கும் சேர்த்து இரண்டே இரண்டு, இரண்டும் அவருடையது. எனக்குச் சொந்தமாக இருப்பது சின்னப் பாத்திரமும் கொஞ்சம் நாற்காலியும். ஐந்து கடைச் சரக்கும் ஒரே திரையில் தெரிவதால்தான் என் கடையும் ஒரு கடை. அந்தத் திரை போனால் நான் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். அதனால் உங்கள் மூளை எதில் ஓடினாலும் பரவாயில்லை, சீக்கிரம் ஓடட்டும்.

ஜன்னத்


இராயபுரம்
9 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜன்னத் அம்மா,

உங்கள் கடிதத்தில் ஒரு தப்பும் இல்லை. கடைசிப் பத்தியைப் பல முறை படித்தேன்.

டிஸ்க் காரணமில்லை. கேபிளும் இல்லை. இன்னொன்று நேற்று நினைவுக்கு வந்தது. வாராந்தர பேக்கப்பை நான் வெள்ளிக்கிழமை மதியத்தில்தான் ஓடவிட்டிருக்கிறேன். ஜும்ஆ தொழுகை நேரத்தில் உங்கள் பக்கத்துக் கடைகளெல்லாம் அடைத்திருக்கும், வியாபாரம் குறைவு என்று அப்போது கணக்குப் போட்டேன். பேக்கப் ஓடும்போது சர்வர் மூச்சு வாங்கும். கடைகள் மூன்றாக இருந்தவரை அது தெரிந்திருக்காது. பொங்கலுக்குப் பிறகு ஐந்தாகிவிட்டது. ஆகவே குற்றவாளி நானாகவே இருக்கலாம். அதை அதிகாலைக்கு மாற்றும் கட்டளை முதல் தாளில் இருக்கிறது.

இரண்டாம் தாள் அதைவிட முக்கியம். ஒரு விஷயம் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? திரை உறைந்ததும் நீங்கள் முதல் வேலையாக சர்வரை அணைத்துப் போடுகிறீர்கள். போட்டதும் எல்லாம் சரியாகிறது, ஆனால் ஏன் நின்றது என்பதும் அதோடு அழிந்துபோகிறது. காய்ச்சல்காரரைக் குளிப்பாட்டிவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போவது போல. இந்த வெள்ளி நின்றால், எத்தனை பேர் கத்தினாலும் சரி, முதலில் இரண்டாம் தாளிலுள்ள க்வெரியை ஓட்டி, வருவதை அச்செடுக்கவும். எந்தக் கணினி எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, எது எதற்காகக் காத்திருக்கிறது என்று அது காட்டும். பிறகு அணைக்கலாம்.

நிற்காமலே போகலாம். அப்படி ஆகட்டும் என்றுதான் ஜெபிக்கிறேன்.

அருள்பிரகாசம்


தண்டையார்பேட்டை
11 ஏப்ரல் 2025, வெள்ளி

சார்,

நின்றுவிட்டது.

நான் மாடியில் சாப்பாடு முடித்துவிட்டு இறங்கினால் இரண்டு போனும் அடிக்கின்றன. இராயபுரம் கடை சுகிர்தம் அக்கா ஒன்றில், சௌக்கத் பாய் ஒன்றில். பாய் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறார், அவர் கடையில் இருக்கிற வாடிக்கைக்காரரெல்லாம் கேட்கட்டும் என்று. "ஆஃப் பண்ணிப் போடு ஜன்னத்து, இன்னா பண்ணிக்கினு கீற?" நான் போனை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, நீங்கள் சொன்னபடி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். அச்செடுத்த பிறகுதான் அணைத்தேன். அந்த நேரத்துக்குள் பாய் கடையிலிருந்து ஒரு கல்யாணப் பார்ட்டி எழுந்து போய்விட்டதாம்.

பேக்கப்பை நீங்கள் சொன்ன அன்றே மாற்றிவிட்டேன். அப்படியும் நின்றது. அதனால் குற்றவாளி நீங்கள் இல்லை. ஆளை மாற்றுங்கள்.

அச்செடுத்த தாள் இதோடு. எனக்கு ஒன்றும் புரியவில்லை, எண்ணும் எழுத்துமாக இருக்கிறது. ஈஸ்டர் முடிந்த திங்கள்கிழமை ஐந்து கடைக்கும் கூட்டம் போட்டிருக்கிறார் பாய். அதற்கு முன்னால் வரும் வெள்ளி நிற்காமல் இருந்தால் பேசலாம், நின்றால் பேச ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்.

கூடையில் கொஞ்சம் ஃபிர்னி வைத்திருக்கிறேன். சர்க்கரை குறைவாகத்தான் போட்டிருக்கிறேன். ஷைனி கேட்டால் அவளுக்கென்று சொல்லுங்கள்.

ஜன்னத்


இராயபுரம்
12 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜன்னத் அம்மா,

ஃபிர்னிக்கு நன்றி. ஷைனிக்கும் கொடுத்தேன், பாதி.

தாளைப் படித்தேன், இதோடு திருப்பி அனுப்புகிறேன். நீங்கள் பதற்றத்திலும் அச்செடுத்தது மிகப் பெரிய உதவி. சர்வருக்கு நோய் ஒன்றும் இல்லை. அது நிற்கவே இல்லை, காத்துக்கொண்டிருக்கிறது.

குடிநீர் லாரி வரும் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் வரிசையின் தலையில் குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். லாரி வந்தாயிற்று, குழாயும் திறந்தாயிற்று. ஆனால் அவர் குடத்தை யாரும் தாண்டக் கூடாது என்று நான் ஒரு சட்டம் எழுதி வைத்திருக்கிறேன். பின்னால் இருப்பவர்கள் நிற்கிறார்கள். அதில் இன்னொரு சிக்கல். சுகிர்தம் அம்மா கடையில் ஒரு பதிவு பாதியில் நிற்கிறது. அது நாற்காலியைக் கையில் பிடித்துக்கொண்டு பெரிய தேக்சாவுக்காகக் காத்திருக்கிறது. அந்த நாற்காலிக்காக இன்னொரு கடை காத்திருக்கிறது. அந்தக் கடையிடம் உள்ள பந்தல் துணிக்காக நான்காவது கடை. இப்படியே தெருக்கோடி வரை.

புரோகிராமில் ஒரு பாத்திரத்தின் பதிவுப் பக்கத்தைத் திறந்தால், சேமிக்கும் வரை அந்தப் பாத்திரம் பூட்டிக்கொள்ளும். எந்தத் தேதிக்கு என்றுகூடப் பார்க்காது. ஒரே நேரத்தில் இருவர் எழுதிக் குழம்பக் கூடாது என்று அப்படி வைத்தேன்.

வரிசையின் தலையில் இருப்பது எந்தக் கணினி என்றும் தாளில் இருக்கிறது. எழுதுவதா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். நான் தவறாகப் படித்திருக்கலாம். கண்ணாடியும் பழையது. ஒன்றாம் எண் கணினி என்று போட்டிருக்கிறது. அது உங்கள் கல்லா மேசையில் உள்ளதாக இருக்கலாம். ஜும்ஆவுக்குச் சற்று முன் பெரிய தேக்சாவின் பக்கம் அதில் திறக்கப்பட்டு, மூடப்படாமல் இருந்திருப்பது போலத் தோன்றுகிறது. யாராவது தெரியாமல் கைபட்டுத் திறந்திருக்கலாம். ஜுபைர் பாயாக இருக்குமோ? சாதாரணமாகத்தான் கேட்கிறேன்.

அருள்பிரகாசம்


தண்டையார்பேட்டை
13 ஏப்ரல் 2025

சார்,

ஜுபைர் மச்சான் கம்ப்யூட்டரைத் தொட மாட்டார். தொட்டால் ஷாக் அடிக்கும் என்று இன்னமும் நம்புகிறார். "இருக்கலாம், தோன்றுகிறது" என்றெல்லாம் எழுதுவதற்கு "நீதான்" என்று ஒரே வார்த்தை எழுதியிருக்கலாம்.

ஆமாம். நான்தான் திறந்து வைக்கிறேன். கைபட்டு இல்லை. தெரிந்துதான்.

எங்கள் ஆட்களுக்குக் கல்யாணத் தேதி எப்படி முடிவாகும் என்று உங்களுக்குத் தெரியுமா? இரண்டு வீட்டுக்காரர்களும் ஜும்ஆ முடிந்து ஜமாஅத் பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து பேசுவார்கள். அதுவரைக்கும் தேதி இல்லை. தேதி இல்லாமல் பதிவு இல்லை. பணக்கார வீட்டுக்காரர்கள் மண்டபம், சமையல், பாத்திரம் எல்லாம் ஒரே போனில் முடித்துவிடுவார்கள். காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர், ரோட்டோரத்தில் துணி விற்கிறவர், இவர்களெல்லாம் தொழுகைக்குப் போகிற வழியில் என் கடை வாசலில் நின்று, "லாத்தா, பெரிய தேக்சாவை யாருக்கும் குடுத்துடாத, இதோ பேசி முடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் பக்கத்தைத் திறந்து அவர் பேரை எழுதி, சேமிக்காமல் வைத்துவிட்டு மாடிக்குப் போவேன். வந்து சொன்னதும் தேதி போட்டுச் சேமிப்பேன். வேண்டாம் என்றால் மூடிவிடுவேன்.

இதை யார் சொல்லிக் கொடுத்தது? நீங்கள்தான். சர்வர் வைத்த அன்று என் மேசையில் உட்கார்ந்து, "ஒருவர் திறந்து வைத்திருந்தால் இன்னொருவர் எடுக்க முடியாதம்மா" என்று சொன்னீர்கள். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன். ஏழை பாழைக்காக யோசித்துச் செய்திருக்கிறார் என்று. இப்போது குற்றவாளி என்று தாள் அடித்து அனுப்புகிறீர்கள்.

வரும் வெள்ளி திறந்து வைக்க மாட்டேன். வாசலில் வந்து கேட்கிறவர்களை உங்கள் மாடிக்கு அனுப்புகிறேன். கூடையிலேயே பதில் சொல்லுங்கள்.

ஜன்னத்


இராயபுரம்
15 ஏப்ரல் 2025

அன்புள்ள அம்மா,

நான் ஏழைகளை யோசித்துச் செய்யவில்லை. இரண்டு நிமிட வேலைக்காக ஒரு தாழ்ப்பாள் வைத்தேன். அதில் இப்படி ஒரு நல்ல காரியம் நடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதைத் தாள் அடித்துக் குற்றம் என்று அனுப்பிவிட்டேன். மன்னிக்கவும்.

கூட்டத்தில் உங்களுக்குச் சங்கடம் வரக் கூடாது. ஆகவே சௌக்கத் பாய்க்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன், பேக்கப்தான் காரணம், தவறு என்னுடையது, மாற்றிவிட்டோம் என்று. அவர் உங்களை ஒன்றும் கேட்க மாட்டார். அந்த அச்சுத் தாளை அடுப்பில் போட்டுவிடலாம்.

இந்த வயதில் சர்வர் பொறுப்பை வைத்துக்கொண்டிருப்பது சரியா என்றும் யோசிக்கிறேன். வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று பாய்க்கு எழுதவில்லை. ஆனால் எழுதத் தாள் எடுத்து வைத்திருக்கிறேன்.

அருள்பிரகாசம்


இராயபுரம்
17 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜன்னத் அம்மா,

நேற்றும் இன்றும் ஜுபைர் பாய் ஹாரன் அடித்தார். கூடையை இறக்கினேன். காலியாகவே மேலே வந்தது. "லாத்தா ஒண்ணும் குடுக்கல நைனா, நான் வேணா ரெண்டு வாழப்பழம் போட்டு அனுப்பவா" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அப்படியும் போட்டார்.

நாளை பெரிய வெள்ளி. உபவாசம். கோயிலுக்குப் போக வேண்டும், படி இறங்க வேண்டும். வீட்டிலிருந்தே ஜெபிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

அருள்பிரகாசம்


தண்டையார்பேட்டை
19 ஏப்ரல் 2025

சார்,

நேற்று சர்வர் நிற்கவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு இல்லை.

காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் தவ்ஃபீக் பாய், மகள் உஸ்மாவுக்குத் தேதி பேசப் போகிற வழியில் வந்து நின்றார். பெரிய தேக்சாவை நிறுத்தி வைக்கச் சொன்னார். "இப்ப அப்படி முடியாது பாய், பேசி முடிச்சிட்டு வாங்க, இருந்தா தரேன்" என்றேன். என் முகத்தையே பார்த்தார். "இன்னா லாத்தா, உனுக்கும் நம்மள நம்பிக்க இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தேதி மே பதினொன்று என்று முடிவாகி அவர் திரும்பி வருவதற்குள், அந்தத் தேதிக்கு ஒரு தேக்சாவை ஒரு கம்பெனி விருந்துக்கும் இன்னொன்றை சுகிர்தம் அக்காவின் ஆளுக்கும் எழுதிவிட்டார்கள். சின்னப் பாத்திரம் நான்கில் சமைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார் தவ்ஃபீக் பாய். நான்கு அடுப்பில் நான்கு ருசி வரும், அவருக்கும் தெரியும்.

இது போதாதென்று சௌக்கத் பாய் வந்தார். "சார் பெரிய மன்சன், ஜன்னத்து. தன் தப்புன்னு தானே ஒத்துக்கினு லெட்டர் போட்டுக்கீறாரு" என்று உங்கள் கடிதத்தைக் காட்டினார். எனக்குக் காது வரை சூடேறியது. என் தப்பை உங்கள் தலையில் போட்டுக்கொள்ள உங்களை யார் கேட்டது? நான் அழுகிற குழந்தையா? பதினெட்டு வருஷமாகக் கடை நடத்துகிறேன். நீங்கள் பொய் சொன்னதால் என் தப்பும் அப்படியே இருக்கிறது, தவ்ஃபீக் பாயின் தேக்சாவும் போய்விட்டது. லாபம் யாருக்கு?

திங்கள்கிழமை நானே சொல்லப் போகிறேன். தாளை அடுப்பில் போடவில்லை. எடுத்துக்கொண்டு போகிறேன். அதில் சண்டை வந்து ஐந்து கடையும் பிரிந்தால் பிரியட்டும். பாய்க்கு எழுத எடுத்து வைத்த அந்த இன்னொரு தாளை மட்டும் நீங்கள் எழுதாதீர்கள்.

ஈஸ்டர் வாழ்த்துகள்.

ஜன்னத்


தண்டையார்பேட்டை
21 ஏப்ரல் 2025, திங்கள்

அருள் சாருக்கு,

சலாம். கூட்டம் முடிந்தது. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

டீ வந்ததும் நான் எழுந்து தாளை மேசையில் வைத்தேன். பேக்கப் காரணம் இல்லை, நான்தான் காரணம் என்றேன். உங்கள் குடிநீர் லாரிக் கதையை அப்படியே சொன்னேன். டேட்டாபேஸ் என்றால் யாருக்கும் புரியாது, குடம் என்றால் எல்லோருக்கும் புரியும். சௌக்கத் பாய் கேட்டார்:

"ஜன்னத்து, தேக்சா யார்து?"

"உங்களுது."

"என் தேக்சாவுக்கு, நானே எடுக்க முடியாம, நீ குடம் வெச்சிக்கினு மேல போய் சோறு துண்ணுக்கினு இருந்தியா?"

"ஆமா பாய்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அவ்வளவுதான், கடை போயிற்று என்று நினைத்தேன். அப்போது சுகிர்தம் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தது. "அவ வெள்ளிக்கிழமை வைக்கா, நான் ஞாயித்துக்கிழமை வைக்கேன். கோயில்ல மூணு வாரம் மாப்பிள்ளை பொண்ணு பேரைச் சொல்லி ஓலை வாசிக்காம எங்களுக்குக் கல்யாணம் உறுதி கிடையாதுல்லா? அன்னைக்கு ஓலை வாசிச்சு முடியுற வரைக்கும் நானும் திறந்துதான் போட்டிருப்பேன். ஞாயித்துக்கிழமை நீங்கல்லாம் மத்தியானம்தான கடை திறக்கியோ, அதனால யாருக்கும் தெரியல."

சௌக்கத் பாய், "அது வேற" என்றார். உடனே அக்கா, "போன மாசம் என் நாற்காலி பூரா ஒரு சாயங்காலம் நின்னு போச்சே, அது யாரு?" என்று கேட்டது. பாய் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தார். "மச்சான் வூட்டு நிச்சயதார்த்தம். பொண்ணு வூட்டுக்காரங்க சரின்னு சொல்ற வரைக்கும் சும்மா தொறந்து வெச்சேன்" என்றார். அதற்குப் பிறகு யார் யார் எப்போதெல்லாம் குடம் வைத்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லி, கூட்டம் கூட்டமாகவே இல்லை.

பிரியவில்லை சார். ஐந்து கடையும் அப்படியேதான்.

தவ்ஃபீக் பாய் கதையையும் சொன்னேன். "மே பதினொண்ணுல என் ஆளுக்குச் சாம்பார்தான், சின்னதுலயும் வேகும். தேக்சாவை அந்தப் புள்ளைக்கே எழுது" என்றது சுகிர்தம் அக்கா. அங்கிருந்தே தவ்ஃபீக் பாய்க்குப் போன் பண்ணினேன். ஐஸ் உடைப்பதை நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

இப்போது உங்களுக்கு வேலை. எல்லோரும் குடம் வைக்க வேண்டும், ஆனால் குழாய் நிற்கக் கூடாது. அப்படிச் செய்ய முடியுமா? சௌக்கத் பாய் சொல்லச் சொன்னது: "லெட்டர்ல பொய் எழுதினதுக்கு அபராதம்னு சொல்லு." உண்மையில் கோபமில்லை. உங்கள் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

ஜன்னத்


இராயபுரம்
28 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜன்னத் அம்மா,

முடியும் என்று முதல் நாளே தெரிந்தது. எழுதத்தான் ஒரு வாரம் ஆனது. அவசரப்பட்டுச் "சரி" சொல்லக் கூடாது என்று இருந்தேன்.

கூடையில் பென்டிரைவ் இருக்கிறது. வீட்டு லேப்டாப்பில் உள்ள நகலில் ஐந்து கடைக்காரர்களாகவும் நானே நடித்துச் சோதித்தேன். சௌக்கத் பாயாக நடிக்கும்போது குரலை உயர்த்தினேன், ஷைனி வந்து எட்டிப் பார்த்தாள். முதலில் பேக்கப் எடுக்கவும், பிறகு தாளில் உள்ள வரிசையில் செய்யவும். கோளாறானால் பழையபடி திரும்புவதற்கும் கடைசித் தாளில் வழி எழுதியிருக்கிறேன்.

இனிப் பக்கத்தைத் திறந்து வைத்தால் எதுவும் பூட்டிக்கொள்ளாது. சேமிக்கும் அந்தக் கண நேரம் மட்டும்தான் பூட்டு. நிறுத்தி வைக்க வேண்டுமானால் அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. எந்தப் பாத்திரம், யார் பெயருக்கு, எந்த நேரம் வரை என்று கேட்கும். தேதி முடிவாகவில்லை என்றால் உத்தேசத் தேதிகளைக் கொடுக்கலாம். மற்றக் கடைகளின் திரையில் அந்தத் தேதிகளில் மட்டும் அந்தப் பெயர் தெரியும். மீதிப் பதிவுகள் ஓடிக்கொண்டே இருக்கும். குறித்த நேரம் தாண்டினால், இருப்பைத் தேடும் க்வெரி அந்த வரியைக் கண்டுகொள்ளாது. யாரும் வந்து குடத்தை எடுக்க வேண்டியதில்லை, மறந்தவர் குடம் தானாகவே விலகிவிடும்.

பொத்தானுக்கு "நிறுத்திவை" என்று பெயரிட்டேன். பிறகு அழித்துவிட்டு "குடம்" என்று போட்டேன். பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தருகிறேன்.

அந்த இன்னொரு தாளின் பின்பக்கத்தில்தான் இந்தக் க்வெரியைப் போட்டுப் பார்த்தேன். ஆகவே அது இனி உதவாது.

அருள்பிரகாசம்


தண்டையார்பேட்டை
10 மே 2025, சனி

அருள் சாருக்கு,

சலாம். இரண்டு வெள்ளி ஓடிவிட்டது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. போன் அடிக்காத வெள்ளிக்கிழமை மதியம் எப்படி இருக்கும் என்பதே மறந்துவிட்டது. மாடியில் சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கமும் போட்டேன். நேற்று மட்டும் ஏழு குடம் வைத்திருந்தார்கள், அதில் மூன்று சௌக்கத் பாயுடையது. தன் தேக்சாவுக்கே தன் பேரில் குடம் வைக்கிறார். கேட்டால், "யாரையும் நம்ப முடியாது ஜன்னத்து" என்கிறார்.

நாளை உஸ்மா கல்யாணம். தவ்ஃபீக் பாய் உங்களைக் கட்டாயம் அழைத்து வரச் சொன்னார். "அந்தக் கூடைக்கார நைனா" என்றுதான் சொல்கிறார், பெயர் தெரியாது. பிரியாணி ஒரே தேக்சாவில், ஒரே ருசியில்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். படிக்கட்டு. அதனால் சமையல் பந்தல் பக்கம், நம் கடைக்காரர்கள் உட்காருகிற இடத்தில், ஒரு நாற்காலிக்கு உங்கள் பேரில் குடம் வைத்திருக்கிறேன். ஐந்து கடைத் திரையிலும் இப்போது அருள்பிரகாசம் என்று தெரிகிறது. நாளை மதியம் மூன்று மணி வரைக்கும்தான் தாங்கும். அதற்கு மேல் தானாக விலகிவிடும், நீங்கள் எழுதிய சட்டம்தானே. ஜுபைர் மச்சான் முன் சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு வருவார்.

ஜன்னத்


இராயபுரம், இரண்டாம் மாடி
11 மே 2025, ஞாயிறு

அன்புள்ள ஜன்னத் அம்மா,

ஒரு மாடி இறங்கிவிட்டேன். இரண்டாம் மாடி ரெஜினா அம்மா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தண்ணீர் கொடுத்தார்கள். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. இதயம்தான் சற்று வேகமாக அடிக்கிறது, அதற்கும் படிக்கட்டுக்கும் சம்பந்தமில்லை என்று ஷைனி சொல்கிறாள்.

ஜுபைர் பாய் இந்தத் தாளுக்காகக் கீழே காத்திருக்கிறார். மண்டபத்தில் சாமான் இறக்கிவிட்டு, என்னை அழைக்கத் திரும்பி வருவாராம். அவர் வருவதற்குள் மீதி இரண்டு மாடியும் இறங்கிவிடுவேன் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனிக்கவும்.

அந்த நாற்காலியின் நேரத்தைக் கொஞ்சம் நீட்டி வைத்தால் நல்லது. எப்படி நீட்டுவது என்று தாளில் தேட வேண்டாம். அப்படி ஒரு வசதியை நான் எழுதவே இல்லை. மூன்று மணிக்கு மேலானால், பழைய முறைப்படி நீங்களே அதன் மேல் உட்கார்ந்துகொள்ளவும்.

அருள்பிரகாசம்